மயிலாடியில் திறந்த வாயில்: மகாராசன் வேதமாணிக்கம் வாழ்க்கை வரலாறு

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், நம் இளைஞர் அறிந்துகொள்ள வேண்டிய பெரியோர் பலர் உளர். அவருள் ஒருவரைப் பற்றி இம்மலரில் எழுத விழைகின்றோம். அவர் பெரும் பட்டங்கள் பெற்றவர் அல்லர். செல்வம் படைத்தவரும் அல்லர். ஊருக்குப் புறம்பே வைக்கப்பட்ட குலத்தில் பிறந்து, தம் எளிய வீட்டு வாயிலை அயல்நாட்டார் ஒருவருக்குத் திறந்துவிட்டவர். அந்த வாயில் வழியாகவே தென் திருவாங்கூரில் பள்ளியும் ஆலயமும் நுழைந்தன. அவரே மயிலாடி மகாராசன் வேதமாணிக்கம்.

விருந்தோம்பல் தமிழர் பண்பு என்று மேடைதோறும் கேட்கின்றோம். வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஆயின் ஒரு கேள்வியை நாம் கேட்டுப் பார்ப்பதில்லை. தொட்டால் தீட்டு என்று விலக்கப்பட்டவன் எவ்வாறு விருந்தோம்புவான்? அவன் கை தொட்ட நீரை அருந்துவோர் யார்? அவன் வீட்டுத் திண்ணையில் அமர்வோர் யார்? தேநீர்க் கடைகளில் தனிக் குவளை வைக்கப்பட்ட கொடுமையை நம் கரிசல் சீமையின் முதியோர் நன்கு அறிவர். உண்ணவும் பருகவும் நமக்கு மறுத்தது ஒரு கொடுமை. நாம் பிறர்க்கு அளிக்கும் உரிமையையும் மறுத்தது அதனினும் பெருங் கொடுமை. பெறுபவனாக மட்டுமே ஒரு மனிதனை வைத்திருந்தால் அவன் காலப்போக்கில் தன்னை இரப்பவன் என்றே எண்ணிக்கொள்வான். வேதமாணிக்கத்தின் வாழ்வு இந்த எண்ணத்தை உடைத்த வாழ்வாகும். ஆகவேதான் அவரை இம்மலருக்கு உரியவராகத் தேர்ந்தோம்.

நாஞ்சில் நாட்டில் அந்நாள்

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1ஆம் நாள் வரை திருவாங்கூரோடு இணைந்திருந்த நிலப்பகுதியாகும். அதன் தென்கிழக்கே, மருத்துவாழ் மலைக்கு அணித்தாக, சுசீந்திரத்திலிருந்து சிறிது தொலைவில் மயிலாடி என்னும் ஊர் அமைந்துள்ளது. கற்சிலை வடிக்கும் தொழிலுக்கு அவ்வூர் இன்று பெயர் பெற்றது. வயலும் குளமும் சூழ்ந்த வளமான நாஞ்சில் நாட்டின் பகுதி அது.

நிலம் வளமானதாயினும் மக்கள் நிலை அவ்வாறு இல்லை. திருவாங்கூர் அரசில் சாதிக் கட்டுப்பாடு மிகக் கடுமையாக நிலவியது. இன்னின்ன குலத்தார் இத்தனை அடி தொலைவில் விலகி நிற்க வேண்டும் என்று வகுத்திருந்தனர். பொதுவழியில் நடத்தல், மேலாடை அணிதல், குடை பிடித்தல் ஆகியவை ஒடுக்கப்பட்ட குலத்தார்க்கு மறுக்கப்பட்டிருந்தன. ஊழியம் என்ற பெயரில் கூலியற்ற வேலை வாங்கப்பட்டது. மனிதரை விற்கவும் வாங்கவும் இயன்ற அடிமை முறையும் இருந்தது. அம்முறை அங்கு 1855இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இத்தகைய நாட்டில், பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மயிலாடியில் சாம்பவர் குலத்தில் தோன்றியவர் மகாராசன். ஆளப்பட்டோரிலும் கடைநிலையில் வைக்கப்பட்ட குடும்பம் தன் மகனுக்கு மகாராசன் என்று பெயர் சூட்டியிருந்தது. அப்பெயரிலேயே ஓர் ஏக்கம் ஒலிப்பதை நாம் உணர்கின்றோம்.

சிதம்பரப் பயணம்

மகாராசன் இளமை முதலே இறைப்பற்று மிக்கவர். தம் குலத்தார் வழிபட்ட தெய்வங்களைப் பக்தியோடு வணங்கினார். ஆயினும் அவர் உள்ளம் நிறைவு பெறவில்லை. மெய்ப்பொருளை நேரில் காண வேண்டும் என்னும் வேட்கையால் உறவினர் ஒருவரை உடனழைத்துக்கொண்டு சிதம்பரத்திற்குக் கால்நடையாகப் புறப்பட்டார். மயிலாடியிலிருந்து சிதம்பரம் நானூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு. ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து, நெல்லைச் சீமை வழியாக வடக்கு நோக்கி நடத்தல் வேண்டும். நெல்லையிலிருந்து மதுரைக்குச் செல்லும் நெடுவழி நம் கரிசல் நிலத்தை ஊடறுத்தே செல்கின்றது. அவ்வழியே அவர் சென்றிருப்பின், நம் முன்னோர் வாழ்ந்த குடிசைகளின் ஓரமாகவே நடந்து போயிருப்பார்.

சிதம்பரம் என்றவுடன் நந்தனார் நம் நினைவுக்கு வருகின்றார். ஆதனூரில் பிறந்து, நாளைப் போவேன் என்று நாள்களைக் கடத்தி, தில்லையின் எல்லையில் நின்று ஏங்கி, தீயில் மூழ்கி எழுந்த பின்னரே உள்ளே சென்றதாகப் புராணம் கூறும் அடியார் அவர். மகாராசன் சென்ற காலத்திலும் அந்த எல்லை மாறவில்லை. அத்துணைத் தொலைவு நடந்து வந்த ஏழைக்கு அங்கே கருவறையும் இல்லை, கனிவும் இல்லை. அங்குக் கண்ட காட்சிகள் அவருக்கு மனநிறைவு தரவில்லை. ஓரிரவு கனவில் பெரியவர் ஒருவர் தோன்றி, இவ்விடம் விட்டுத் திரும்பிப் போகுமாறு அவரை ஏவினார் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. கனவின் பொருள் எதுவாயினும் ஆகுக. அவர் திரும்பி நடந்தார் என்பது உறுதி.

திருவாங்கூரில் அனைத்து இந்துக்களுக்கும் ஆலயம் நுழையும் உரிமையை அரசர் பிரகடனம் செய்தது 1936 நவம்பர் 12ஆம் நாள். நம் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் வைத்தியநாத ஐயரோடு கக்கன் முதலிய தோழர்கள் நுழைந்தது 1939 ஜூலை 8ஆம் நாள். மகாராசன் சிதம்பரத்திலிருந்து திரும்பி நடந்ததற்கும் இவற்றிற்கும் இடையே ஏறக்குறைய நூற்று நாற்பது ஆண்டுகள் உருண்டோடின என்பதை இளைஞர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தஞ்சையில் கேட்ட நற்சொல்

திரும்பும் வழியில் தஞ்சையில் வாழ்ந்த உறவினர் வீட்டில் மகாராசன் தங்கினார். அவர்கள் முன்னரே கிறிஸ்தவ மார்க்கத்தைத் தழுவியவர்கள். தஞ்சையில் நெடுங்காலம் தொண்டாற்றிய சுவார்ட்ஸ் ஐயர் 1798இல் மறைந்திருந்தார். அவரிடம் பயின்ற ஜான் காஸ்பர் கோலாப் ஐயர் அங்குச் சபையை நடத்தி வந்தார். உறவினரோடு மகாராசன் ஆலயத்திற்குச் சென்றார். கூட்டத்தில் புதிய முகத்தைக் கண்ட கோலாப் ஐயர், வழிபாடு முடிந்தபின் அவரை அழைத்து ஊரும் பேரும் வந்த நோக்கமும் அன்போடு விசாரித்தார் என்பது செவிவழிச் செய்தி.

நாம் இதனைச் சிறு செய்தி என்று கடந்துவிடலாகாது. நானூறு கிலோமீட்டர் நடந்து சென்ற இடத்தில் எவரும் அவரிடம் நீ யார் என்று கேட்கவில்லை. விலகு என்ற சொல்லையே கேட்டுப் பழகிய செவியில், வருக என்ற பொருளுடைய சொல் முதன்முறையாக விழுந்தது. 1799இல் அவர் ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் என்னும் பெயர் ஏற்றார். தமிழ் வேத நூலையும் பிற நூல்களையும் பெற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்.

இங்கு ஓர் உண்மையையும் மறையாமல் உரைக்க வேண்டும். அந்நாளில் தஞ்சைச் சபையிலும் சாதி ஒழிந்திருக்கவில்லை. ஆலயத்திற்குள்ளேயே குலத்திற்கொரு பக்கமாக மக்கள் அமர்ந்தனர். திருவிருந்திலும் வேற்றுமை பாராட்டினர். 1833இல் பேராயர் டேனியல் வில்சன் அவ்வேற்றுமைகளைக் கைவிடக் கட்டளையிட்டபோது அதை எதிர்த்துச் சபையை விட்டு வெளியேறியோரும் பலர். ஆகவே தஞ்சையில் திறந்த கதவு முழுதும் திறந்த கதவு அன்று. பாதி திறந்த கதவே. அப்பாதிக் கதவு வழியாக உட்சென்ற வேதமாணிக்கம், தம் ஊரில் முழுக் கதவைத் திறந்து வைத்தார். அதிலேதான் அவர் பெருமை விளங்குகின்றது.

வீடே ஆலயம்

மயிலாடிக்குத் திரும்பிய வேதமாணிக்கம் தாம் அறிந்ததைத் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. மனைவி மக்களுக்கும் உற்றார்க்கும் அண்டை அயலார்க்கும் எடுத்துரைத்தார். அவருக்கு ஆலயம் இல்லை, சம்பளம் இல்லை, அவரை அமர்த்திய சங்கமும் இல்லை. தம் வீட்டையே வழிபாட்டு இடமாக்கினார். நாள் முழுதும் வயலில் உழைத்துத் திரும்பியோர் அங்குக் கூடினர். படிக்கத் தெரிந்த ஒருவர் படிக்க, தெரியாதோர் செவிமடுத்தனர்.

கிறிஸ்தவ வேதத்தில் விருந்தோம்பல் பெருஞ் செய்தியாகவே விளங்குகிறது. வெயிலில் வந்த முன்பின் அறியாத மூவரை ஓடிச் சென்று வரவேற்ற ஆபிரகாமின் கதையை வேதம் படித்தோர் அறிவர். தாழ்வாக எண்ணப்பட்ட சமாரியப் பெண்ணிடம் இயேசுபிரான் குடிக்கத் தண்ணீர் கேட்ட நிகழ்ச்சியும் அங்கு உண்டு. அந்தப் பெண் வியந்ததற்குக் காரணத்தை நம்மவர்க்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நம் கிணற்றடிகளே அதை விளக்கும். தண்ணீர் அளிப்பவராக இயேசுபிரானைக் காட்டும் அதே நூல், தண்ணீர் கேட்பவராகவும் அவரைக் காட்டுகிறது. விலக்கப்பட்டவரின் கையிலிருந்து பெற அவர் கூசவில்லை. அயலானை ஏற்றுக்கொள்வது இறைவனையே ஏற்றுக்கொள்வதாகும் என்பது அம்மார்க்கத்தின் போதனை. இப்போதனை வேதமாணிக்கத்தின் உள்ளத்தில் ஆழமாகப் பதிந்தது.

மயிலாடியில் எதிர்ப்பும் எழுந்தது. பழைய வழிபாட்டை விட்டமைக்காக உறவினரே பகைத்தனர். தாழ்ந்த குலத்தார் புதுவழி காண்பதை மேற்குலத்தார் விரும்பவில்லை. துன்பம் மிகவே, தம்மைச் சார்ந்தோரை அழைத்துக்கொண்டு வேறு நாட்டிற்குக் குடிபெயரலாமா என்றும் வேதமாணிக்கம் எண்ணினார். மீண்டும் தஞ்சைக்குச் சென்று கோலாப் ஐயரிடம் முறையிட்டார். அங்கேதான் அவருக்குப் புதிய வழி ஒன்று திறந்தது.

அயலார் வந்தார்

1795இல் நிறுவப்பட்ட இலண்டன் மிஷனெரி சங்கத்தின் சார்பில் வில்லியம் தோபியாஸ் ரிங்கல்தௌபே என்பவர் 1804ஆம் ஆண்டின் இறுதியில் தரங்கம்பாடிக்கு வந்திருந்தார். பிரஷ்ய நாட்டின் சிலேசியாவில் 1770இல் பிறந்தவர் அவர். தரங்கம்பாடியில் தங்கித் தமிழ் கற்றார். எங்குச் சென்று தொண்டாற்றுவது என்னும் கேள்வி அவர் முன் நின்றது. மயிலாடியிலிருந்து வேதமாணிக்கம் விடுத்த அழைப்பே அதற்கு விடையாயிற்று.

வரலாற்று நூல்கள் பலவற்றில் ரிங்கல்தௌபே திருவாங்கூருக்குச் சுவிசேஷத்தைக் கொண்டுவந்தார் என்று எழுதப்பட்டிருக்கும். உண்மை என்னவெனில், அவர் வருவதற்கு ஆறேழு ஆண்டுகளுக்கு முன்பே வேதமாணிக்கம் அதனைக் கொண்டுவந்துவிட்டார். வந்தவர் அழைக்கப்பட்டு வந்த விருந்தினர், அழைத்தவரே வீட்டுக்காரர்.

1806 ஏப்ரல் 25ஆம் நாள் ரிங்கல்தௌபே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் திருவாங்கூருக்குள் நுழைந்து மயிலாடியை அடைந்தார். வேதமாணிக்கமும் அவரைச் சேர்ந்தோரும் அவரை வரவேற்றனர். அக்காட்சியை நாம் மனக்கண்ணால் காண வேண்டும். அந்நாளில் ஐரோப்பியர் என்றால் படையும் பல்லக்கும் பரிவாரமும் உடையவர். அவரை வரவேற்போர் திவான்களும் படைத்தலைவர்களும் ஆவர். ஆனால் இந்த ஐரோப்பியரை வரவேற்றவர்கள், ஊர்ப் பொதுவழியில் நடக்கவும் உரிமையற்ற சாம்பவர் மக்கள். அரண்மனையின் விருந்தினராக அன்றி, சேரியின் விருந்தினராக ஒருவர் அந்நாட்டிற்குள் வந்தார்.

வந்தவர் தொடக்கத்தில் மகிழ்ச்சியடையவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெருங்கூட்டம் தம்மை எதிர்பார்த்திருக்கும் என்று நம்பி வந்த ரிங்கல்தௌபே, அங்கிருந்த சிறு கூட்டத்தைக் கண்டு சோர்வுற்றார். மக்கள் தம்மிடம் ஞானத்தை நாடி வருவதினும், வழக்குகளிலும் கொடுமைகளிலும் உதவி நாடி வருவதே மிகுதி என்று குறைபட்டு எழுதினார். கூலியற்ற வேலையிலிருந்தும் அடி உதையிலிருந்தும் தப்ப விழைந்தோரின் நாட்டம் தாழ்ந்ததா? வீட்டிற்குப் புதியவராய் வந்தவர்க்கு அவ்வீட்டின் துன்பம் உடனே விளங்காது. அதை அவருக்குப் பொறுமையோடு விளங்க வைக்கும் கடமையும் விருந்தோம்புபவனையே சாரும். அக்கடமையை வேதமாணிக்கம் பத்தாண்டுக் காலம் செய்தார். விருந்தினரோடு ஊர் ஊராக நடந்தார். யாரிடம் எவ்வாறு பேசுவது என்று வழிகாட்டினார்.

விருந்தினரும் காலப்போக்கில் மாறினார் எனலாம். ரிங்கல்தௌபே பின்னர் வாழ்ந்த வாழ்க்கை மிக எளியது. நாட்டு மக்களின் குடிசை போன்றதொரு சிறு வீட்டில் குடியிருந்தார். தமக்கு வந்த சம்பளத்தின் பெரும்பகுதியை ஏழைகளுக்கே வழங்கினார். இறுதியில் அவர் நாடு விட்டுப் புறப்பட்டபோது அணிவதற்கு நல்ல மேற்சட்டையும் இல்லாதிருந்தார் என்பர். வந்தவரை இத்தகையவராக்கியதில் அவருடைய பக்திக்குப் பங்குண்டு. அவரை ஏற்றுக்கொண்ட எளிய மக்களின் வாழ்க்கைக்கும் பங்குண்டு என்று நாம் கருதுகின்றோம்.

1809

ஆலயம் கட்ட வேண்டும் என்பது வேதமாணிக்கத்தின் நெடுநாள் அவா. ஆங்கில ரெசிடெண்ட் கர்னல் மெக்காலேயின் ஆதரவு ரிங்கல்தௌபேக்கு இருந்தது. ஆயினும் திவான் வேலுத்தம்பியின் காலத்தில் அதற்கு இசைவு கிட்டவில்லை. ஆங்கிலேயரை எதிர்த்துப் போர்க்கொடி உயர்த்திய வேலுத்தம்பி 1809இல் மாண்டபின் இசைவு கிடைத்தது. அவ்வாண்டு மே திங்களில் வேலை தொடங்கி, செப்டம்பர் திங்களில் மயிலாடி ஆலயம் வழிபாட்டிற்குத் திறக்கப்பட்டது. தென் திருவாங்கூரின் முதல் சீர்திருத்தச் சபை ஆலயம் அதுவே.

அதே ஆண்டில் மயிலாடியில் பள்ளியும் தொடங்கப்பட்டது. கல்விச் சங்கம் நடத்தும் நமக்கு இது மிக இன்றியமையாத செய்தி. மயிலாடியில் தோன்றிய அந்தச் செமினெரி பின்னர் நாகர்கோவிலுக்கு மாற்றப்பட்டு, 1893இல் கல்லூரியாக உயர்ந்தது. இன்று ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி என்று தமிழகமெங்கும் புகழ் பெற்று விளங்குவது அதுவே. எண்ணற்ற அறிஞரையும் ஆசிரியரையும் உருவாக்கிய அக்கல்லூரியின் வேர், சாம்பவர் குடும்பம் ஒன்று தன் ஊருக்கு அழைத்து வந்த விருந்தினரிடம் சென்று முடிகின்றது. பட்டம் பெற்று வெளியேறும் மாணவருள் எத்தனை பேர் இதனை அறிவர்?

சபையும் வளர்ந்தது. மயிலாடியைச் சுற்றிய பல ஊர்களில் சிறு சிறு சபைகள் தோன்றின. சாம்பவரோடு நாடார் குலத்தாரும் திரளாக வந்து சேர்ந்தனர். ஒருவரையொருவர் தொடாதிருந்த இரு குலத்தார் ஒரு கூரையின் கீழ் அமர்ந்தது அக்காலத்தில் எளிய செயலன்று. எண்ணிக்கையில் பின்னர் மிகுந்தவர் நாடார்களே. ஆயினும் முதற்கதவைத் திறந்தவர் வேதமாணிக்கம் என்பதை அவ்வட்டாரத்தின் வரலாறு மறுக்க இயலாது. தம்மினும் உயர்ந்தோராகத் தம்மை எண்ணிக்கொண்டவர்களையும் அவர் தம் சபைக்குள் ஏற்றார். தாழ்த்தப்பட்டவன் தன்னைத் தாழ்த்தியவனை வரவேற்பது விருந்தோம்பலின் உச்சம் என்போம்.

விருந்தினர் சென்ற பின்

உடல்நலம் குன்றிய ரிங்கல்தௌபே 1816ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மயிலாடியை விட்டுப் புறப்பட்டார். கொழும்பு வழியாக மலாக்காவிற்குச் சென்ற அவர் அதன்பின் என்ன ஆனார் என்பது எவருக்கும் தெரியாமற் போயிற்று. புறப்படுமுன் சபைகளையும் பள்ளிகளையும் யாரிடம் ஒப்புவிப்பது என்ற கேள்வி எழுந்தது. வேதமாணிக்கத்தினிடமே ஒப்புவித்துச் சென்றார்.

1818இல் சார்லஸ் மீட் ஐயர் வந்து பொறுப்பேற்கும் வரை, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அம்மிஷன் முழுதையும் தாங்கி நின்றவர் வேதமாணிக்கம். அவர்க்குப் பின்னால் ஐரோப்பியர் எவரும் இல்லை. எதிர்ப்போ குறையவில்லை. துரை போய்விட்டார், இனி இவர்கள் சிதறிப் போவார்கள் என்று எண்ணியோரும் இருந்திருப்பர். சபைகள் சிதறவில்லை. ஊர் ஊராகச் சென்று அவற்றைக் காத்தார். இன்றைக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன், திருவாங்கூர் அரசில், சாம்பவர் குலத்து மனிதர் ஒருவர் பல குலத்தாரும் அடங்கிய சபைகளுக்குத் தலைமை தாங்கினார் என்பதை நாம் பொன்னெழுத்துகளால் பொறிக்க வேண்டும். தலைமை என்பது நமக்குப் பிறர் கொடுத்த சலுகை அன்று. நம் முன்னோர் ஆற்றிக் காட்டிய கடமை.

மீட் ஐயர் வந்தபின் மிஷனின் தலைமையிடம் நாகர்கோவிலுக்கு மாறியது. பள்ளிகள் பெருகின. அடுத்து வந்த மால்ட் ஐயரின் துணைவியார் பெண்களுக்கு விடுதிப் பள்ளியும் பூப்பின்னல் தொழிலும் தொடங்கினார். ஒடுக்கப்பட்ட பெண்கள் தம் கைத்தொழிலால் ஊதியம் ஈட்டினர். இவ்வளர்ச்சியின் தொடக்கத்தைக் கண்களால் கண்ட வேதமாணிக்கம் 1827இல் இயற்கை எய்தினார்.

விருந்துண்டவர் மறந்த கடன்

இத்துடன் நம் வரலாற்றை முடித்திருக்கலாம். ஆயினும் இன்னொரு நிகழ்ச்சியையும் கூறுதல் நம் கடமை. மீட் ஐயர் தம் முதுமையில், 1850களின் தொடக்கத்தில், சாம்பவர் குலத்துக் கிறிஸ்தவப் பெண் ஒருவரை மணந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அம்மக்களிடையே வாழ்ந்தவர் அவர். ஆயின் அவருடைய சக மிஷனெரிகள் இம்மணத்தைப் பொறுக்கவில்லை. பெருங்குழப்பம் எழுந்தது. மீட் ஐயர் மிஷன் சங்கத்தை விட்டு விலகினார். பின்னர்த் திருவாங்கூர் அரசின் கல்வித் துறையிலும் அச்சகத்திலும் பணியாற்றித் தம் வாழ்நாளைக் கழித்தார்.

இதனைச் சிந்தித்துப் பார்ப்போம். அரை நூற்றாண்டிற்கு முன் வேதமாணிக்கம் அந்நியரான ஐரோப்பியரைத் தம் மக்களுள் ஒருவராக ஏற்றார். அதே குலத்துப் பெண் ஐரோப்பியர் வீட்டிற்குத் தலைவியாகச் சென்றபோது ஐரோப்பியர் பலர் முகம் திருப்பினர். வாயிற்படியில் நிறுத்தி உணவளிப்பது எளிது. பள்ளியில் இடமளிப்பதும் ஓரளவு எளிது. பந்தியில் பக்கத்தில் அமர்த்திக்கொள்வது கடினம். உறவாக ஏற்பது அதனினும் கடினம். இரக்கம் எங்கே முடிகிறதோ அங்கேதான் விருந்தோம்பல் தொடங்குகிறது. சமபந்தி போசனங்கள் ஆண்டுதோறும் நடந்தும் ஊர் இரண்டாகவே இருப்பதன் காரணமும் இதுவே.

அந்நிய நாட்டிலிருந்து வந்து நமக்குக் கல்வியளித்தோர்க்கு நாம் என்றும் நன்றியுடையோம். நம் விருதுநகர்ச் சீமையிலும் மண்டபசாலை, சாத்தூர், சிவகாசி முதலிய இடங்களில் மிஷனெரிகள் உழைத்தனர். தாமஸ் ராக்லண்ட் ஐயர் சிவகாசியிலேயே 1858இல் உயிர் நீத்தார். அவர்களுடைய பெயர்கள் ஏடுகளில் உள்ளன. அவர்கள் முதன்முதலில் வந்தபோது பாய் விரித்துக் கொடுத்தவர் யார்? தண்ணீர் மொண்டு கொடுத்தவர் யார்? வழிகாட்டியாக வெயிலில் உடன் நடந்தவர் யார்? அவர்களுள் பெரும்பாலோரின் பெயர்கள் ஏடேறவில்லை. நம் பாட்டன் பாட்டியரின் பெயர்கள் அவற்றுள் இருக்கக்கூடும். முதியோரிடம் கேட்டு அவற்றை எழுதி வைத்தல் நம் இளைஞரின் உடனடிக் கடமையாகும்.

நமக்குரிய பாடம்

வேதமாணிக்கத்தின் வாழ்விலிருந்து நம் சமுதாய இளைஞர் கொள்ள வேண்டியவை சில உண்டு. அவர் சார்ந்த மதத்தை நாம் இங்குப் பரப்ப வரவில்லை. நம் சங்கத்தில் பல வழிபாட்டினரும் உளர். எந்த வழிபாட்டினர்க்கும் பொருந்தும் பொது அறமே நாம் கூற விழைவது.

முதலாவது, கொடுப்பதற்குச் செல்வம் வேண்டும் என்று காத்திருத்தல் தவறு. வேதமாணிக்கத்திடம் இருந்தவை ஒரு வீடு, ஒரு வேத நூல், அஞ்சாத நெஞ்சம் ஆகியவையே. நம் இளைஞர் பலர் பஞ்சாலைகளிலும் பட்டாசு ஆலைகளிலும் உழைக்கும் பெற்றோரின் பிள்ளைகள். ஆயினும் எழுத்தறிந்த ஒருவர் மாலையில் தம் வீட்டு விளக்கடியில் நான்கு பிள்ளைகளை அமர்த்திப் பாடம் சொல்லலாம். அதுவும் விருந்தே. மயிலாடிப் பள்ளி அத்தகைய ஒரு வீட்டிலிருந்தே முளைத்தது.

இரண்டாவது, நாம் யாருக்குக் கதவைத் திறக்கின்றோம் என்பதைக் கண்டு நாணவும் துணிவும் வேண்டும். நம்மை ஒதுக்கியோரைக் குறை கூறும் நாமே, நமக்குள் உட்பிரிவு பாராட்டி, துப்புரவுத் தொழில் செய்வோர் வீட்டில் கை நனைக்கத் தயங்குவது உண்டு. நமக்குக் கீழென்று எவரையேனும் வைத்திருக்கும் வரை, நமக்கு மேலென்று சிலர் இருப்பதை எதிர்க்கும் வலிமை நமக்கு வராது. 1983ஆம் ஆண்டிற்குப் பின் இலங்கையிலிருந்து ஏதிலிகளாய் வந்த தமிழர்க்கு நம் மாவட்டத்திலும் முகாம்கள் அமைந்தன. வடமாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி வரும் தொழிலாளரும் இன்று நம் சாலைகளில் நடக்கின்றனர். அவர்களைப் பார்த்து நீ யார், எங்கிருந்து வந்தாய், உண்டாயா என்று கேட்பவர் யார்? அக்கேள்வியைத் தஞ்சையில் ஒருவர் கேட்டதனாலன்றோ மகாராசன் வேதமாணிக்கமானார்?

மூன்றாவது, விருந்தோம்பல் அடிமைத்தனம் அன்று. வந்தவரை வரவேற்றவர் அவர்க்கு ஏவலாளாக இருந்துவிடவில்லை. அவர் சென்றபின் அதே பணியைத் தாமே தலைமையேற்று நடத்தினார். பிறர் உதவியைப் பெறுவோம், நன்றி கூறுவோம், அவர்கள் விட்டுச் சென்ற பணியை நாமே நடத்தும் திறனையும் வளர்த்துக்கொள்வோம். நம் சங்கம் தொடங்கிய நாளில் உதவிய பெரியோர் பலர் இன்று இல்லை. ஆயினும் சங்கம் நிற்கின்றது. அதனை நடத்துவோர் நாமே.

மயிலாடியில் இன்று நிற்கும் தென்னிந்தியத் திருச்சபை ஆலயம் ரிங்கல்தௌபே வேதமாணிக்கம் நினைவு ஆலயம் என்று வழங்கப்படுகிறது. வந்தவர் பெயரும் வரவேற்றவர் பெயரும் அங்கே ஒன்றாக நிற்கின்றன. நம் காரியாபட்டி வட்டாரத்தில் எழும் பள்ளிகளிலும் விடுதிகளிலும், உதவியவர் பெயரோடு அவருக்கு இடமளித்த நம் எளிய மக்களின் பெயரும் எழுதப்படுமாக. அவ்வாறு எழுதத்தக்க செயல்களை அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் நம் இளைஞர் ஆற்றுவாராக என்று வேண்டி, இவ்வரலாற்றை நிறைவு செய்கின்றோம்.